கண்டோர் கூற்று: புளியமரத்தின் கதையும் பெயரில்லாத கதைசொல்லியும்

ஒரு நாவலை வகுப்பில் பாடமாக நடத்தி முடித்ததும் மாணவர்களிடம் நாம் வழக்கமாகக் கேட்கும் வினாக்கள் சில உண்டு. தலைமை மாந்தர் யார்? எதிர்நிலை மாந்தர் யார்? கதைக்களம் எது? உச்சநிலை எங்கே அமைகிறது? மாணவர்களும் தயங்காமல் விடையிறுப்பர். ஆனால் "இக்கதையை உமக்குச் சொன்னவர் யார்?" என்னும் வினாவை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்டால், "ஆசிரியர் சொன்னார்" என்று கூறி அமர்ந்துவிடுவர். நூலாசிரியர் வேறு, நூலுக்குள் நின்று பேசுகின்றவர் வேறு என்னும் தெளிவு இல்லாமற் போவதால், சில நல்ல நாவல்களின் உயிர்நிலையே நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. அவ்வாறு தப்பிவிடக்கூடிய ஒன்றைப் பற்றியதே இக்கட்டுரை.

சுந்தர ராமசாமி எழுதிய 'ஒரு புளியமரத்தின் கதை' 1966-ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தது. அதற்கு முன்னர் 1959-இல் அதன் சில பகுதிகள் 'சரஸ்வதி' இதழில் இடம்பெற்றன. பின்னாளில் ஆங்கிலம், மலையாளம், இந்தி ஆகிய மொழிகளுக்கும், 2000-ஆம் ஆண்டில் ஹீப்ரு மொழிக்கும் இந்நாவல் சென்றது. தமிழில் தோன்றிய துன்பியல் நாவல்களுள் இதற்குத் தனியிடம் உண்டு. ஏனெனில் இதில் மடிவது மன்னனோ காதலனோ அன்று. முச்சந்தியில் நின்ற ஒரு மரம்.

கதையை அறியாத இளையோர்க்காகச் சுருக்கமாகச் சொல்வோம். நாஞ்சில் நாட்டு நகரம் ஒன்றின் நடுவே ஒரு புளியமரம் நிற்கிறது. முன்னொரு காலத்தில் அதைச் சூழ்ந்து குளம் இருந்தது. குளம் தூர்ந்தது, சாலை வந்தது, கடைகள் வந்தன. அருகிருந்த காற்றாடி மரத்தோப்பு அழிந்து பூங்காவாயிற்று. மன்னராட்சி போய் மக்களாட்சி வந்தது. வணிகப் போட்டியும் நகராட்சித் தேர்தலும் பத்திரிகைப் பூசலும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. மரத்தை வெட்ட வேண்டும் என்பது ஒரு சாராரின் வழக்காயிற்று. மரத்தைத் தெய்வமாக்கிக் காத்துவிடலாம் என்பது மறுசாராரின் உத்தியாயிற்று. இறுதியில் கூலிக்கு அமர்த்தப்பட்ட ஒருவன் கையால் மரம் நஞ்சூட்டப்பட்டு மடிகிறது. ஆயினும் அவ்விடத்தின் பெயர் மட்டும் மரத்தின் பெயராகவே நிலைத்துவிடுகிறது.

இதனை நமக்குச் சொல்பவர் அந்நகரத்து இளைஞர் ஒருவர். அவர் 'நான்' என்கிறார். பல இடங்களில் 'நாங்கள்' என்கிறார். தாமோதர ஆசான், தாமு, காதர், இசக்கி, கடலைத் தாத்தா என நாவலில் எத்தனையோ பெயர்கள் வருகின்றன. சொல்பவரின் பெயர் மட்டும் வருவதில்லை. இது தற்செயலாக நேர்ந்த விடுபாடு அன்று என்பதும், இந்நாவலைத் துன்பியலாக்குவதே இந்தப் பெயரின்மைதான் என்பதும் நம் துணிபு.

மரபில் இதற்கு இடமுண்டா?

பெயர் கூறாமை தமிழ்மரபுக்குப் புதியதன்று. அகத்திணையில் எவரையும் பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்றே அங்குப் பேசுவர். அவர்களோடு இன்னும் ஒரு சாரார் உண்டு. அவரே 'கண்டோர்'. பாலை வழியே உடன்போக்காகச் செல்லும் இருவரைக் கண்டவர். பின்னே மகளைத் தேடிவரும் செவிலியையும் கண்டவர். அவர்க்குக் கதையில் பங்கில்லை, உறவும் இல்லை. கண்டமையே அவர்தம் தகுதி. கண்டதைச் சொல்லுதலே அவர்தம் கடமை.

சிலப்பதிகாரத்தின் நிலை வேறு. குன்றக் குறவர் கண்டது, சாத்தனார் உரைத்தது, இளங்கோவடிகள் பாடியது என அங்கே கதை வந்த வழி பெயரோடு வைக்கப்பட்டுள்ளது. வரந்தரு காதையில் அடிகளே கதைக்குள் தோன்றுகிறார். அங்கும் ஒன்று நோக்கத்தக்கது. கண்ணகியின் இறுதியைக் கண்ட குறவர்க்குத் தனிப்பெயர் இல்லை. கண்டோர்க்குப் பெயரில்லை, பாடினோர்க்கே பெயருண்டு. சுந்தர ராமசாமியின் கதைசொல்லியை இந்தக் கண்டோர் வரிசையில் நிறுத்திப் பார்த்தல் பொருந்தும் என்று கருதுகிறோம்.

ஓர் ஐயமும் விடையும்

இவ்விடத்தில் நம் சமுதாயப் பெரியோர் ஓர் ஐயத்தை எழுப்பக்கூடும். நபிமொழிக் கலையில் அறிவிப்பாளர் வரிசைக்கு எத்துணை மதிப்பு உண்டென்பதை நாம் அறிவோம். யார் யாரிடம் கேட்டார், அவர் நினைவாற்றல் எத்தகையது, அவர் நேர்மை எத்தகையது என்றெல்லாம் ஆராய்ந்த பின்னரே ஒரு செய்தியை ஏற்பர். அறிவிப்பாளர் இன்னாரென்று தெரியாவிடின் அது அந்த அறிவிப்பைப் பலவீனப்படுத்தும். அவ்வாறிருக்க, பெயரே சொல்லாத ஒருவரின் கதையை எவ்வாறு நம்புவது?

நியாயமான வினாவே இது. நாவல் மார்க்க ஆதாரமன்று, கற்பனை என்று கூறி இதனைத் தட்டிக்கழித்துவிடலாம். அவ்வாறு செய்ய நாம் விரும்பவில்லை. ஏனெனில் கற்பனைக்கும் நம்பகம் வேண்டும். இக்கதைசொல்லி தம் பெயரை மறைத்தாரேயன்றித் தாம் கேட்ட வழியை மறைக்கவில்லை. மரத்தின் பழங்கதை அனைத்தும் ஆசான் சொன்னது என்பதை வெளிப்படையாகக் கூறுகிறார். குளத்தின் கதையும், மன்னர் வருகையின் கதையும், செல்லத்தாயி என்னும் பெண்ணின் துயரக் கதையும் ஆசான் வாய்மொழியாகவே வருகின்றன. ஆசான் கதையளப்பதில் வல்லவர். எங்கே நிறுத்தினால் கேட்போர் தவிப்பர் என்பதை அறிந்தவர். அவர் சொன்னதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு சுவை என்பதை எடைபோடும் உரிமையையும் கதைசொல்லி நமக்கே விட்டுவிடுகிறார். தம்மை மறைத்துத் தம் மூலத்தைக் காட்டுவது ஒருவகை நேர்மையே. மூலத்தை மறைத்துத் தம்மைக் காட்டுவோர் மிகுந்த உலகில் இது சிறு பண்பன்று.

கதைசொல்லி செய்த மூன்று பணிகள்

பெயரில்லாத இவர் நாவலை எவ்வாறு உருவாக்குகிறார் என்பதை மூன்று நிலைகளில் காணலாம்.

முதலாவது, மரத்தின் அழிவை முதலிலேயே அறிவித்துவிடுகிறார். மரம் பிழைக்குமா மடியுமா என்னும் பதைப்பு நமக்கு எஞ்சுவதில்லை. மாறாக, இது எவ்வாறு நேர்ந்தது, எந்த இடத்திலாவது தடுத்திருக்கலாகாதா என்னும் வினா ஒவ்வொரு பக்கத்திலும் நம்மைத் தொடர்கிறது. கோவலன் மதுரைக்குப் புறப்படும்போதே அவன் மீளான் என்பது கற்போர்க்குத் தெரியும். தெரிந்தே உடன் நடக்கிறோம். துன்பியலின் இலக்கணம் அதுவே. இந்நாவலில் நகைச்சுவை மிகுதி. பல இடங்களில் வாய்விட்டுச் சிரிக்கிறோம். சிரிக்கும்போதே மரம் செத்துக்கொண்டிருக்கிறது என்னும் நினைவும் உடன் வருகிறது. முடிவை முன்னரே சொல்லிவிட்ட கதைசொல்லியின் செயல் இது.

இரண்டாவது, கேட்டவராய் இருந்தவர் கண்டவராய் மாறுகிறார். முற்பகுதியில் இவர் ஆசானைச் சூழ்ந்தமரும் இளைஞருள் ஒருவர். அப்போது மொழியில் வியப்பு உண்டு. மரத்திற்கு ஒரு மாயம் உண்டு. பின்னர் ஆசான் ஒரு நாள் ஊரைவிட்டே காணாமற் போகிறார். அதன்பின் கதை சொல்ல ஆளில்லை. கேட்டுக்கொண்டிருந்தவரே சொல்லவேண்டியவராகிறார். ஆனால் அவரிடம் ஆசானின் மாயம் இல்லை. கடைவீதிப் பேச்சும் பத்திரிகைச் செய்தியும் தேர்தல் ஆரவாரமுமே அவர்க்குக் கிட்டும் மூலங்கள். மொழியும் மாறுகிறது; வியப்பு போய் எள்ளல் வருகிறது. மரம் ஒருவர் நினைவில் வாழ்ந்த காலம் முடிந்து, பலர் கணக்கில் ஒரு பொருளாக எண்ணப்படும் காலம் தொடங்கியதை, எங்கும் விளக்கியுரைக்காமல் சொல்லும் முறையாலேயே அவர் உணர்த்திவிடுகிறார்.

இங்கே ஒரு குறையைச் சிலர் எடுத்துக்காட்டலாம். தாம் உடனிருந்து காணாத நிகழ்ச்சிகளையும், பிறர் உள்ளத்து எண்ணங்களையும் இவர் எவ்வாறு அறிந்து கூறுகிறார்? இது கதைக்கூற்று முறையில் வழு அன்றோ? வழு என்றே கொண்டாலும் அதற்கு ஒரு காரணம் உண்டு என்போம். சிறிய நகரத்தில் ஒருவர் காணாததும் எல்லோர்க்கும் தெரியும். அடைத்த கதவுக்குள் நடந்ததை மறுநாள் தேநீர்க்கடையில் நேரில் கண்டது போல் விவரிப்பர். இக்கதைசொல்லி தனி ஒருவராக அன்றி ஊரின் வாயாகவே பேசுகிறார். அவர்க்கு ஒரு பெயரை இட்டிருந்தால் அவ்வூர்க்குரல் ஒரு தனிமனிதக் குரலாகச் சுருங்கிப்போயிருக்கும்.

பெயர் என்பது ஊரை மட்டுமன்று, சாதியையும் சமயத்தையும் காட்டிவிடும். இந்நாவலில் போட்டியிடும் வணிகருள் ஒருவர் காதர், ஒருவர் தாமு. இவர்தம் பூசலை ஒரு சமயத்தார் பக்கம் நின்று சொல்லத் தொடங்கியிருந்தால் நாவல் நொடியில் நஞ்சாகியிருக்கும். கதைசொல்லி அவ்வாறு நிற்கவில்லை. அவர் காண்பது கடை வருமானத்தை, வீண் பெருமிதத்தை, வாக்குக் கணக்கை. இவை எச்சமயத்தார்க்கும் தனியுடைமை அல்ல. பெயரில்லாமையால் அவர்க்குக் கிட்டிய நடுவுநிலைமையை நம் மாணவர்கள் சிறப்பாகக் கருத வேண்டும்.

மூன்றாவதே எல்லாவற்றிலும் முதன்மையானது. மரத்தைக் கொன்றவர் யார் என்று இந்நாவலில் ஒருவரைச் சுட்டிக்காட்ட இயலாது. நஞ்சிட்டவன் கூலியாள். ஏவியவர்க்கு மரத்தின்மேல் பகையில்லை. எதிரியை வீழ்த்த அது ஒரு கருவி. காக்க முனைந்தவர்க்கும் மரத்தின்மேல் அன்பில்லை. அவர்க்கும் அது கருவியே. அவ்வாறாயின் மரத்தை மரமாகவே அறிந்தவர் யார்? அதன் நிழலில் அமர்ந்து ஆசானிடம் கதை கேட்ட இளைஞர்களே. அதன் வரலாறு முழுதும் அவர்க்குத் தெரியும். அவர்கள் என்ன செய்தனர்? கண்டனர். கண்டதோடு நின்றனர்.

கதைசொல்லி இதனைத் தம் குற்றமாக ஒப்புக்கொண்டு புலம்பவில்லை. ஆனால் தமக்கென ஒரு பெயரை வைத்துக்கொள்ளாமல் 'நாங்கள்' என்று பேசும்போது, அந்தச் சொல்லுக்குள் நம்மையும் இழுத்துக்கொள்கிறார். பெயருள்ள ஒருவர் வாளாவிருந்தால் அது அவர் குறை என்று நாம் விலகிக்கொள்ளலாம். பெயரில்லாத ஒருவர் வாளாவிருந்தால் அவ்விடத்தில் நம் பெயரை எழுதிப் பார்க்க நேர்கிறது.

அதே ஆண்டில் இன்னொரு நாவல்

வியப்புக்குரிய ஓர் ஒற்றுமையை இங்குக் குறிப்பிடலாம். அதே 1966-ஆம் ஆண்டில் சூடான் நாட்டு எழுத்தாளர் தய்யிப் ஸாலிஹ் அரபு மொழியில் ஒரு நாவலை வெளியிட்டார். 'வடக்கு நோக்கிய புலம்பெயர்வின் பருவம்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். ஏழாண்டுகள் இங்கிலாந்தில் கவிதையியல் பயின்று நைல் நதிக்கரையிலுள்ள தம் சிற்றூருக்குத் திரும்பும் ஓர் இளைஞர் அக்கதையைச் சொல்கிறார். அவர்க்கும் பெயரில்லை. முஸ்தஃபா ஸயீத் என்னும் புதிர் மனிதரின் வாழ்வையும், அவர் மறைந்தபின் அவர் மனைவி ஹுஸ்னாவுக்கு நேர்ந்ததையும் அவர் கூறுகிறார். விருப்பமில்லாத ஒரு முதியவருக்கு ஹுஸ்னா மணமுடித்து வைக்கப்படுகிறார். அது கொலையிலும் தற்கொலையிலும் முடிகிறது. முன்னின்று தடுத்திருக்கக்கூடியவர் கதைசொல்லியே. அவர் தடுக்கவில்லை. இறுதியில் நைல் ஆற்றின் நடுவே நீந்தவும் இயலாமல் மூழ்கவும் மனமின்றி, உதவி வேண்டிக் குரலெழுப்புகிறார்.

நாஞ்சில் நாட்டு எழுத்தாளரும் நைல் கரை எழுத்தாளரும் ஒருவரையொருவர் படித்து எழுதவில்லை. ஆயினும் இருவரும் ஒரே உண்மையைக் கண்டனர். அந்நிய ஆட்சி நீங்கிய நாடுகளில் படித்த இளைஞன் ஒருவன் தோன்றிவிட்டான். அவனுக்கு எல்லாம் தெரியும். எடுத்துச் சொல்லும் மொழி உண்டு. இடையில் புகுந்து தடுக்கும் துணிவு மட்டும் இல்லை. அவனுக்குப் பெயரிடத் தேவையில்லை. அவன் எல்லா ஊரிலும் இருக்கிறான்.

பெயரில்லாத கதைசொல்லி ஒரு தேர்வே என்பதை உணர இன்னொரு நாவலையும் ஒப்பிடலாம். அதே குமரி மாவட்டத்தின் தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988-இல் நூலாயிற்று. அதுவும் ஒரு வீழ்ச்சியின் கதையே. அங்கே 'நான்' என்று எவரும் பேசுவதில்லை. கடற்கரை முஸ்லிம்களின் பேச்சுமொழியே கதையைச் சுமந்து செல்கிறது. ஆகவே ஊரின் குரலைக் கொணர வேறு வழிகளும் உண்டு. சுந்தர ராமசாமி 'நான்' என்று சொல்லிப் பெயரை மட்டும் மறைத்தது, ஊரின் குரலோடு ஊரின் பொறுப்பையும் சேர்த்து வைப்பதற்காகவே என்பது இவ்வொப்பீட்டால் தெளிவாகும்.

பார்த்தவரைக் குற்றம் சொல்வது தகுமா?

பார்த்துக்கொண்டிருந்தவரைக் குற்றவாளியாக்குவது மிகையன்றோ என மாணவர் ஒருவர் கேட்கலாம். பதவியும் பணமும் இல்லாத இளைஞர் என்ன செய்துவிட முடியும்? இக்கேள்வியில் உண்மை இருக்கிறது. கொன்றவரையும் கண்டவரையும் ஒரே தட்டில் நிறுத்த நாம் சொல்லவில்லை. ஆனால் கண்டவர்க்கு ஒரு கடன் உண்டு. சாட்சியம் அழைக்கப்படும்போது அதை மறைக்கலாகாது என்பது நம் மார்க்கம் கற்பிக்கும் ஒழுக்கம். எந்த நீதிமன்றமும் ஏற்கும் நெறியும் அதுவே. அக்கதைசொல்லி மரத்தைக் காக்கத் தவறினார். ஆனால் மரத்தின் கதையைக் காத்தார். காலந்தாழ்த்திய சாட்சியமே எனினும் அது சாட்சியமே. அதனால்தான் இறந்த மரத்தைப் பற்றி இன்றும் பேசுகிறோம்.

மேடவாக்கத்தில் நின்று

இவற்றையெல்லாம் எங்கோ நாஞ்சில் நாட்டுக் கதை என்று ஒதுக்கிவிட நமக்கு இடமில்லை. நாம் வாழ்வது மேடவாக்கத்தில். வேளச்சேரி, தாம்பரம், சோழிங்கநல்லூர், மாம்பாக்கம் எனப் பல திசைச் சாலைகளும் கூடும் நம் கூட்டுரோடும் ஒரு முச்சந்தியே. நாள்தோறும் அங்கே பேருந்துக்குக் காத்து நிற்கும் மாணவர்கள் எத்தனை பேர்! ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த ஊராக இதனை அறிந்த முதியோர் நம்மிடையே உள்ளனர். சாலை அகன்றது, நிழல் மரங்கள் போயின, 2022-இல் நீண்ட மேம்பாலம் திறக்கப்பட்டது, மெட்ரோ ரயில் பணியும் வந்தது. இவை வேண்டாதவை என்று நாம் சொல்லவில்லை. மேம்பாலத்தால் நேரம் மிச்சப்படுவதை நாமும் நன்றியோடு அனுபவிக்கிறோம்.

அருகேயுள்ள பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைப் பாருங்கள். நகரின் தென்பகுதி வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் நிலம் அது. அதன் ஒரு பக்கம் குப்பைமேடாயிற்று. பல பக்கங்களில் கட்டடங்கள் எழுந்தன. 2015 டிசம்பரில் பெருவெள்ளம் வந்தபோது, நீருக்குரிய இடத்தை நாம் எடுத்துக்கொண்டதன் பொருள் விளங்கிற்று. 2022-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,247 ஹெக்டேர் பரப்பு ராம்சர் நிலமாக அறிவிக்கப்பட்டது. இந்தச் சதுப்பைச் சுருக்கியவர் யார்? ஒருவர் பெயரை எவராலும் சொல்ல இயலாது. மனை வாங்கியவர், விற்றவர், குப்பையைக் கொட்டியவர், அதைப் பார்த்துக்கொண்டே பேருந்தில் கடந்தவர் என அது ஒரு நீண்ட பட்டியல். அப்பட்டியலின் இறுதியில் பெயரில்லாமல் நிற்பவர் நாமே. புளியமரத்தைச் சூழ்ந்த குளம் தூர்ந்த கதையை ஆசான் சொன்னார்; நம் ஊர் ஏரிகளின் கதையைச் சொல்லும் ஆசான் யார்?

இளவல்களே! உங்கள் தெருவில், உங்கள் வீட்டிலேயே ஓர் ஆசான் இருக்கக்கூடும். பாட்டனாரோ, நன்னியோ, பள்ளிவாசல் திண்ணையில் அமரும் பெரியவரோ, ஏரிக்கரையில் ஆடு மேய்த்தவரோ, கூட்டுரோட்டில் முதன்முதலாகக் கடை வைத்தவரோ ஆகலாம். அவர் சொல்வதில் மிகையும் இருக்கும், மறதியும் இருக்கும். கேட்டு எழுதி வையுங்கள். யார் சொன்னது, எப்போது சொன்னது என்பதையும் குறித்து வையுங்கள். தமிழ்த்துறை மாணவர்க்கு இதைவிடச் சிறந்த பயிற்சி வேறில்லை. பெரியோர்களே! இளையோர் கேட்டு வருமுன் நீங்கள் போய்விடாதீர்கள், அழைத்துச் சொல்லுங்கள். தாமோதர ஆசான் காணாமற்போன நாளில் அந்நகரம் இழந்தது ஒரு முதியவரை மட்டுமன்று.

பெயர் வேண்டாம் என்று சொன்ன கதைசொல்லி ஒரு மரத்தின் பெயரை நிலைநிறுத்தினார். கண்டோர் என்னும் தகுதி நம் அனைவர்க்கும் உண்டு. அவர் மரம் மடிந்தபின் சொன்னார். நாம் அதற்கு முன்னர்ச் சொல்லக் கற்றுக்கொண்டால், அந்நாவலைப் பாடமாகப் படித்ததன் பயன் கைகூடியதாகும்.